எந்த நான்?

தொலைபேசியில் அவரிடம் சொல்லக் கூடாத சொல் ஒன்று இருந்தது. கெட்ட வார்த்தை இல்லை. நீங்களும் நானும் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்கிற சொல்தான். "நான்தான்."

சொன்ன மறுகணம் வெட்டிவிடுவார்.

மட்டக்களப்பில் யாருக்கு அழைப்பு எடுத்தாலும் கதை அப்படித்தான் தொடங்கும். "ஆரு?" "நான்தான்." "ஆ, நீயா? சொல்லுகா." அதுதான் எங்களுடைய அடையாள அட்டை. குரலைப் பிடிக்க முடியாமல் "எந்த நான்?" என்று கேட்டுவிட்டால் தொலைந்தோம். அடுத்த கல்யாண வீட்டில் மாமி முகத்தைத் திருப்பிக்கொள்வா. "போன் எடுத்தா ஆரெண்டு கேக்கிறாள், அவ்வளவு பெரிய ஆளாகிட்டாள்" என்று சமையல் பந்தல் வரைக்கும் கதை போகும். ஆகவே குரல் தெரியாவிட்டாலும் தெரிந்த மாதிரியே இரண்டு நிமிடம் ஓட்டி, சுகம் விசாரித்து, மழையைப் பற்றிக் கதைத்து, அதற்கிடையில் ஆள் யாரென்று மோப்பம் பிடிப்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் கைவந்த வேலை. நான் அதில் கெட்டிக்காரி.

அவருக்கு அந்த வேலை வராது. வராதது மட்டுமில்லை, வருகிறவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. எனக்கு அவரைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு அவரைப் பற்றி ஏதாவது நல்லதாக எழுதிவிட்டால் கை தவறியது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பட்டம் முடித்த சூட்டோடு நான் வேலைக்குப் போய்ச் சேர்ந்த கந்தோர் அது. நகரத்துக்குள், வாவியைப் பார்த்தபடி இருந்த பழைய வீடு ஒன்றைக் கந்தோராக்கியிருந்தார்கள். அடி தாங்க முடியாமல் வீட்டைவிட்டு வந்த பெண்களுக்கு வழக்குப் பேசிக் கொடுப்பது, ஒளிந்திருக்க ஓரிடம் பார்த்துக் கொடுப்பது, இதுதான் எங்கள் வேலை. மொத்தம் ஒன்பது பேர். எந்தப் பெண் எந்த வீட்டில் இருக்கிறா என்ற விவரம் பின்னறையில் இருந்த ஒரேயொரு கணினிக்குள் இருந்தது. அது வெளியே போனால் என்ன நடக்கும் என்று யாரும் எங்களுக்கு வகுப்பு எடுக்கத் தேவையில்லை. தேடித் திரிகிற கணவன்மார் கந்தோர் வாசலிலேயே மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே எட்டிப் பார்த்ததை நாங்கள் கண்ணால் கண்டிருக்கிறோம்.

அந்தக் கணினிக்கு அவர் காவல். பதவியின் பெயர் என்னவோ நீளமாக இருந்தது. நாங்கள் "சேர்" என்போம், அவர் இல்லாத இடத்தில் "பூட்டு" என்போம். ஐம்பத்தைந்து வயதிருக்கும். நகரத்துப் பறங்கியர் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். எந்நாளும் வெள்ளை அரைக்கைச் சட்டை. சட்டைப் பையில் இரண்டு பேனைகள். ஒன்று எழுத, மற்றது மை தீர்ந்தது. அந்தச் செத்த பேனையால்தான் திரையில் இருப்பதைச் சுட்டிக் காட்டுவார். விரலால் திரையைத் தொட்டால் அன்றைக்கு நாங்கள் செத்தோம்.

முதல் நாள் முன் மண்டபத்திலிருந்து உள் இணைப்பில் அவருக்கு எடுத்தேன். "சேர், நான்தான், புதுசா வந்த..." வெட்டு. கம்பி பழுது என்று நினைத்துத் திரும்ப எடுத்தேன். வெட்டு. பன்னிரண்டு எட்டு நடந்து அவர் மேசைக்கு முன்னால் போய் நின்றேன்.

"நான்தான் சேர் போன் எடுத்த."

"எந்த நான்?"

"இந்தா நிக்கிறன், நான்தான்!"

"இப்ப ஆள் தெரியுது. போனில ஒரு சத்தம்தான் வந்த. நான் எண்டு எல்லாரும் சொல்லுவாங்க. உங்கட வீட்டுக் கோழிக்கு வாய் வந்தா அதுவும் நான்தான் எண்டுதான் சொல்லும்."

பக்கத்து அறையில் யாரோ சிரித்தார்கள். இருபத்து மூன்று வயதில், கையில் சான்றிதழ் மடிப்புக் கலையாமல் இருக்கும்போது, கோழியோடு சேர்த்து வைத்துப் பேசினால் மறக்குமா? நான் மறக்கவில்லை.

அவரிடம் பச்சை மட்டை போட்ட கொப்பி ஒன்று இருந்தது. அதில் கந்தோரில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு சொல். வெளியிலிருந்து கணினிக்குள் நுழைய வேண்டுமானால் முறை இதுதான்: முதலில் அவருக்கு எடுத்துப் பெயரை மட்டும் சொல்லிவிட்டு வைக்க வேண்டும். கொப்பியில் பதிந்திருக்கிற இலக்கத்துக்கு அவர் திருப்பி எடுப்பார். "சொல்லு" என்பார். நமது சொல்லைச் சொல்ல வேண்டும். என்ன கோப்பு, எதற்கு, யார் கேட்டார்கள் என்று விசாரிப்பார். பிறகுதான் அந்தப் பக்கமிருந்து கதவைத் திறப்பார். நமது கைப்பேசிக்கு ஆறு இலக்கம் வரும். அதை அடித்தால் கந்தோர் மடிகணினியிலிருந்து பின்னறைக் கணினிக்கு ஒரு பூட்டிய பாதை கிடைக்கும். இரண்டு மணித்தியாலம். அதற்குமேல் ஒரு நிமிடம் கிடையாது; பாதி வசனத்தில் திரை கறுத்துப் போகும்.

எனக்கு ஒரு சொல் வைக்கச் சொன்னார். "வேல்" என்றேன்.

"சித்தாண்டியா?"

"ஓம் சேர்."

"சித்தாண்டியில இருந்து வாற ஆக்கள் எல்லாரும் வேல், மயில், முருகன். ஏலா. சாமி வேணாம், ஊர் வேணாம், சாப்பாடு வேணாம், மனசில வெச்சிருக்கிற பொடியன்ட பேரும் வேணாம்."

மூன்று நாள் என்னை அலைக்கழித்தார். நான் கொண்டுபோன பதினொரு சொற்களைத் தள்ளினார். கடைசியில் ஆத்திரத்தில், "அப்ப விசர் எண்டு எழுதுங்க சேர்" என்றேன். தலையைத் தூக்காமல் எழுதினார். வி-ச-ர். அதன் பிறகு அவர் திருப்பி எடுத்து "சொல்லு" என்கிறபோதெல்லாம் நான் அவருடைய காதுக்குள்ளேயே "விசர்" என்று, பைத்தியம் என்று, சொல்லலாம். அந்தக் கந்தோரில் எனக்குக் கிடைத்த ஒரேயொரு சலுகை அதுதான். ஒவ்வொரு தடவையும் ருசித்துச் சொன்னேன். அவர் "ம்" என்பார். அவ்வளவுதான்.

பணிப்பாளர் மிஸ்ஸையும் அவர் விடவில்லை. மிஸ் ஒருமுறை கொழும்பில் ஒரு கூட்டத்துக்குப் போனவ. கூட்டம் தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது ஓர் அறிக்கை வேண்டும் என்று எடுத்திருக்கிறா. தன் சொல்லை மறந்துபோனா. ஒலிபெருக்கியில் போட்டுத்தான் அவர் கதைத்தார், சாட்சிக்கு எங்களையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு.

"என்ட குரல் உங்களுக்குத் தெரியல்லையா?" மிஸ் கத்தினா.

"குரல் தெரியுது மிஸ். ஆளத்தான் தெரியல்ல."

அறிக்கை போகவில்லை. மிஸ் திரும்பி வந்தபோது அவர் தனக்குத்தானே ஓர் எச்சரிக்கைக் கடிதம் தட்டச்சு செய்து மேசையில் வைத்திருந்தார். "கையெழுத்து மட்டும் வெச்சாப் போதும் மிஸ். பிழ இருந்தாத் திருத்துங்க." மிஸ் அதைக் கிழித்துப் போட்டா. கிழித்த துண்டுகளை அவர் பொறுக்கி எடுத்து, பெயர் இருந்த துண்டை இன்னும் நாலாகக் கிழித்துக் கூடைக்குள் போட்டார்.

சொல் கேட்காமல் அவர் கதைத்த ஒரே ஆள் அவருடைய தங்கச்சிதான். அவ வெளிநாட்டில். அவ எடுத்தால் அவர்கள் வீட்டில் பேசுகிற பழைய போர்த்துக்கீசு மொழியில் ஏதோ சொல்லித் தொடங்குவார். எங்களுக்கு ஓர் எழுத்தும் விளங்காது. அந்த மொழி தெரிந்தவர்கள் இந்த ஊரிலேயே குறைந்துகொண்டு போகிறார்கள். நான் கண்டுபிடித்தது இது: அவர்களுக்கு ஒரு மொழி முழுவதுமே கடவுச்சொல். அதைப் பகடியாக அவரிடமே சொன்னேன். "அது உனக்குத் தேவையில்லாத கத" என்றார்.

ஏன் இப்படி ஆனார் என்று ஆளுக்கொரு கதை சொன்னார்கள். குழப்ப காலத்தில் யாரோ கதவைத் தட்டி "நான்தான்" என்று சொல்ல, இவர் வீட்டில் யாரோ திறந்துவிட்டார்கள் என்று ஒரு கதை. அதெல்லாம் பொய், இவர் பிறந்தபோதே மருத்துவிச்சியிடம் அடையாள அட்டை கேட்ட ஆள் என்று கந்தோர் டிரைவர் அண்ணனின் கதை. நான் நேரில் கேட்டேன். "காரணம் தெரிஞ்சா நீ முறையச் செய்வியா, தெரியாட்டிச் செய்யமாட்டியா?" என்றார். மன்னிக்க ஒரு காரணத்தைக்கூட மனிதன் கையில் தரவில்லை.

புஷ்பம் அக்காவின் விடயத்தில் மன்னிக்கவும் முடியாது. அவ எங்கள் கந்தோருக்குத் தேத்தண்ணி போட்டு, கூட்டித் துடைத்து வைக்கிறவ. ஒருநாள் தன் கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்ற, பின்னறைக் கணினியிலேயே வயரைக் குத்திவிட்டா. அவர் கண்டார். ஒன்றும் பேசாமல் கைப்பேசியை உருவி, உறைக்குள் போட்டு, ஒட்டி, திகதி எழுதி, அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

"அஞ்சு மணிக்குத் தருவன்."

"ஐயோ சேர், வீட்டில மகளுக்குக் காய்ச்சல் சேர்."

"அஞ்சு மணிக்கு."

ஐந்து மணிக்கு உறையைக் கிழித்தபோது ஒன்பது அழைப்புகள். மகளை ஆஸ்பத்திரியில் சேர்த்து மூன்று மணித்தியாலம். புஷ்பம் அக்கா செருப்பைக்கூடப் போடாமல் ஓடினா. பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, நல்ல காலம். மறுநாள் அவர் காசு கொடுத்து வாங்கிய சார்ஜரை அடுப்படிச் சுவரில் பொருத்தி, "இங்கே மட்டும்" என்று எழுதி ஒட்டினார். மன்னிப்பு என்ற சொல் அவர் கொப்பியில் இருக்கவில்லை. புஷ்பம் அக்கா கடைசிவரை அந்தச் சார்ஜரைத் தொடவில்லை. நானும்தான்.

இனி பெரியகல்லாற்று அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதினொரு வருடம் அடி வாங்கிவிட்டு ஆறு வயது மகளோடு எங்களிடம் வந்தவ. வாவிக்கு அந்தப் பக்கம், வவுணதீவில் ஒரு வீட்டில் அவவை வைத்திருந்தோம். அந்த வீட்டைப் பார்த்துக்கொள்ள ஓர் அன்ரி இருந்தா. ஒரு தையல் மெசின் எடுத்துக் கொடுத்தோம். இரண்டு மாதத்துக்குள் அந்தப் பக்கத்துப் பெண்கள் எல்லாரும் சட்டை தைக்க அவவிடம்தான். வாய் கொஞ்சம் கூட. நான் போனால், "வாகா கந்தோர்! உன்ட பூட்டு மாமா எப்பிடி இருக்கார்?" என்பா. ஒருநாள் கேற் சாவியை விரலில் போட்டுச் சுற்றிக்கொண்டே சொன்னா: "பதினொரு வருசத்துக்குப் பொறகு வீட்டுத் திறப்பு என்ட கையில புள்ள. உள்ளுக்க நிண்டு நானே பூட்டிறன். அந்தச் சத்தம் இருக்கே, அதக் கேட்டாத்தான் நித்திர வருது."

பெரியகல்லாற்றிலிருந்த அவவின் தாய் அழுதுகொண்டே இருந்ததால், அவசரத்துக்கு என்று என் கைப்பேசி இலக்கத்தை எழுதிக் கொடுத்திருந்தேன். முறைப்படி கொடுக்கக் கூடாது. இரக்கத்துக்கு என்ன முறை என்று அப்போது நினைத்தேன்.

அந்த மாரியில் சித்தாண்டி வீதிக்குமேல் தண்ணீர் வந்துவிட்டது. அப்பாவின் வயல் வட்டை முழுவதும் ஒரே வெள்ளக்காடு. வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி கேட்டேன். நான் இருக்கப்போகிற இடத்தைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். "முதுகுக்குப் பின்னால ஜன்னல் இருக்கு. ஏலா." கதிரையை மாற்றி அனுப்பினேன். "வாசல் இருக்கு. ஏலா." அப்பா சிரித்துக்கொண்டே விதைநெல் மூட்டைகளை எனக்குப் பின்னால் ஆளுயரத்துக்கு அடுக்கிக் கொடுத்தார். "இப்பயாவது உன்ட ஆள் ஓம் எண்டுவாரா, மக?" ஓம் என்றார். நெல் மூட்டையில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, ஒரு நாளைக்கு மூன்று தடவை பெயர் சொல்லி, வைத்து, காத்திருந்து, "விசர்" சொல்லி, கோப்பு எதற்கு என்று பதில் சொல்லி வேலை செய்தேன். அவர் சில நேரம் திருப்பி எடுக்க இருபது நிமிடம் ஆகும். வழக்கறிஞர் மறுபக்கம் கத்திக்கொண்டிருப்பா.

நான் படித்தவள். வழி தெரியும். தண்ணீர் வற்றிய ஒரு நாளில் கந்தோருக்குப் போனபோது, அவர் மதியச் சாப்பாட்டுக்குப் போன இடைவெளியில், பின்னறைக் கணினியில் இலவச மென்பொருள் ஒன்றைப் போட்டுவிட்டேன். கடவுச்சொல் ஒன்று, அவ்வளவுதான். பெயர் சொல்லத் தேவையில்லை, காத்திருக்கத் தேவையில்லை, ஆறு இலக்கம் தேவையில்லை. என் சொந்த மடிகணினியிலிருந்து, படுக்கையில் கிடந்தபடி, எந்த நேரமும் உள்ளே போகலாம். அவருடைய பாதை நாலு வழிப் பூட்டு என்றால் என்னுடையது வேலியில் வெட்டிய ஓட்டை. எனக்கு அன்றைக்கு அது ஓட்டையாகத் தெரியவில்லை, திறமையாகத் தெரிந்தது.

அடுத்த கிழமை திரும்பவும் மழை. காலை பத்தரை இருக்கும். தெரியாத இலக்கம்.

"புள்ள, நான்தான்."

ஆண் குரல். பின்னால் மழை இரைச்சல். "ஆ..." என்று இழுத்தேன்.

"என்ன, குரல் தெரியல்லையா? நல்ல ஆள்தான் நீ." சிரித்தான்.

அந்தச் சிரிப்பில் எனக்கு வெட்கம் வந்துவிட்டது. "டிரைவர் அண்ணனா? தெரியாம இருக்குமா! மழையில சரியாக் கேக்கல்ல."

"ஓம் ஓம், நான்தான். வேற ஆரு? இந்தப் பெரியகல்லாத்துப் புள்ளைக்குச் சாமான் குடுக்கச் சொல்லி மிஸ் அனுப்பின. வழக்கமாப் போற வழியெல்லாம் தண்ணி. வேற பக்கத்தால போகணும், இடம் சரியா விளங்குதில்ல. சேருக்கு எடுத்தா மனிசன் வெட்டிறான்."

அது போதும் எனக்கு. சேருக்கு எடுத்தால் வெட்டுவார் என்று தெரிந்தவன் எங்கள் ஆளாகத்தானே இருக்க வேண்டும்? "அவருக்கு என்னத்துக்கு எடுக்கிறீங்க? பொறுங்க, நான் வீட்டில இருந்தே பாத்துச் சொல்றன்." ஓட்டைக்குள்ளால் போனேன். கோப்பு. முகவரி. எந்தக் கோயிலுக்குப் பின்னால், கேற் என்ன நிறம், பக்கத்து வீட்டில் என்ன மரம், எல்லாம் வாசித்தேன். நாற்பது விநாடி ஆகியிருக்காது. "கெட்டிக்காரி" என்றான். சந்தோசமாக இருந்தது.

அரை மணித்தியாலம் கழித்து, போய்ச் சேர்ந்தாரா என்று கேட்க, டிரைவர் அண்ணனின் வழக்கமான இலக்கத்துக்கு எடுத்தேன்.

"எங்க போற?" என்றார். "நான் வீட்டில. நாலு கோழியோட கட்டிலுக்கு மேல இருக்கன். முத்தமெல்லாம் தண்ணி."

கைப்பேசி காதிலேயே இருந்தது. வேறு யாருக்கும் எடுக்கத் தோன்றவில்லை, அவருக்குத்தான் எடுத்தேன்.

"சேர், நான்தான்..." வெட்டு.

திரும்ப எடுத்தேன். "ஐயோ சேர், நான்தான்!" வெட்டு.

அந்த நிமிடத்தில் அவரைக் கொல்லலாம் போல இருந்தது. மூன்றாம் தடவை பெயரை மட்டும் சொல்லிவிட்டு நானே வைத்தேன். திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அடித்தது.

"சொல்லு."

"விசர்."

பக்கத்தில் நின்ற அப்பா திடுக்கிட்டு, "என்ன மக?" என்றார்.

"ம். என்ன?"

சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன். அவர் ஏசவில்லை. இரண்டு கேள்விதான் கேட்டார்.

"டிரைவர் எண்டு அவன் சொன்னானா, நீ சொன்னியா?"

"நான்... நான் சொன்னன் சேர்."

"நான் இண்டைக்கு உனக்குக் கதவு திறக்கல்லையே. உள்ளுக்க எப்பிடிப் போன?"

அவர் பதிலுக்கு நிற்கவில்லை. வெட்டிவிட்டார்.

பிறகு நடந்ததை அந்த வீட்டு அன்ரி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் அன்ரிக்கு எடுத்து, அந்த நேரத்திலும் அவவின் சொல்லைக் கேட்டு வாங்கிவிட்டுத்தான் விடயத்தைச் சொன்னாராம். பக்கத்து வீட்டு உழவு இயந்திரத்தின் பெட்டியில், பிள்ளையைப் பொலித்தீனால் சுற்றி, பத்து நிமிடத்தில் ஏற்றிவிட்டார்கள். பெட்டிக்குள் தையல் மெசினுக்கு இடமில்லை. தாயிடம் நான் எழுதிக் கொடுத்த இலக்கத்தைக் கண்டெடுத்த கணவன், அவர்கள் போய் முக்கால் மணித்தியாலத்தில், தண்ணீருக்குள்ளால் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். கேற்றை உடைத்தான். தைத்து மடித்து வைத்திருந்த சட்டைகளை ஒவ்வொன்றாகக் கிழித்தான். மெசினைத் தூக்கிக் கிணற்றுக்குள் போட்டான். பிறகு வாசற்படியில் இருந்துகொண்டு, அவ வருவா என்று பின்னேரம் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தான். பொலிசார் வருகிற சத்தம் கேட்டுத்தான் எழுந்து போனானாம்.

மூன்றாம் நாள் தண்ணீர் வற்றியதும் கந்தோருக்குப் போனேன். பச்சை மட்டைக் கொப்பிக்குப் பக்கத்தில் என் மென்பொருளின் பதிவுகள் அச்சடித்தபடி இருந்தன. எந்தத் திகதியில் எத்தனை நிமிடம் உள்ளே இருந்தேன் என்று எல்லாம். என்னைக் காப்பாற்றுவார் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். அவ்வளவையும் மிஸ்ஸின் மேசைக்குக் கொண்டுபோனார். அந்த மழைநாள் காலை தனக்கும் ஒருவன் எடுத்து "நான்தான்" என்றதையும், தான் வெட்டியதையும், வெட்டியதைக் கொப்பியில் குறித்து வைத்துவிட்டு யாருக்கும் சொல்லாமல் விட்டதையும் தன்னுடைய பிழையாக எழுதியிருந்தார். அடியில் இந்த முறை மிஸ் கையெழுத்து வைத்தா, இரண்டு பேருக்கும்.

"அவவுக்கு என்ன சொல்றது?" மிஸ் நெற்றியைப் பிடித்துக்கொண்டு கேட்டா. "கம்பியூட்டரில ஏதோ பிழ வந்துட்டு எண்டு சொல்லுவம்."

"கம்பியூட்டர் கதைக்கல்ல மிஸ்" என்றார். "கதைச்ச ஆள் போய்க் கதைக்கட்டும்."

நான் அவருக்குப் பின்னால் வாசல் வரைக்கும் போனேன். "சேர், நீங்களும் வாறீங்களா?"

"என்னத்துக்கு?"

"எனக்கு எப்பிடிச் சொல்றெண்டு தெரியா சேர்."

நின்று, பையிலிருந்த செத்த பேனையை எடுத்து என் கைப்பேசியைச் சுட்டினார். "எந்த நாளும் அதுக்குள்ள ஒரு சொல் சொல்லுவாய்தானே, படிச்ச புள்ள? அவ ஆரெண்டு கேப்பா. அங்க சொல்லு. அந்தச் சொல்லுக்கு இப்பதான் ஒரு வேல வந்திருக்கு."

புதிய இடம் ஓர் அறை. ஜன்னலுக்குச் சாக்குக் கட்டியிருந்தது. மகள் மூலையில், முன்பு போன பள்ளிக்கூடத்துக் கொப்பியில் ஏதோ கீறிக்கொண்டிருந்தாள். இந்தத் தவணைக்கு அவளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. அக்கா என்னைக் கண்டதும் எழுந்து வந்து கையைப் பிடித்தா.

"வாகா கந்தோர். நீயாவது வந்தியே. மெசின் போயிட்டுகா, கேள்விப்பட்டியா? கிணத்துக்குள்ள."

"ஓம் அக்கா."

"எனக்கு ஒண்டு மட்டும் தெரியணும். ஆருகா அவனுக்கு இடத்தச் சொன்ன?"

பிள்ளையின் பென்சில் சத்தம் நின்றுவிட்டது.

"நான்தான்" என்றேன்.

முதலில் பகடி என்று நினைத்தா. சிரிக்கப் பார்த்தா. பிறகு என் முகத்தைப் பார்த்தா. பிடித்திருந்த கையை விட்டா, மெதுவாக, ஒரு பாத்திரத்தைக் கீழே வைக்கிற மாதிரி. எப்படி நடந்தது என்று நான் சொல்லத் தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்தினா.

"உன்ட போன எடு. என்ட நம்பர அழி. அம்மாட நம்பரையும். எனக்கு முன்னால அழி."

அழித்தேன். அவ கடைசி எழுத்து மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றா. பிறகு கதவைத் திறந்துவிட்டா. நான் வெளியே வந்த பிறகு, உள்ளே பூட்டுகிற சத்தம் கேட்டது. இரண்டு தடவை பூட்டினா.

கந்தோருக்குத் திரும்பியபோது அவர் எப்படிப் போனது என்று கேட்கவில்லை. பச்சை மட்டைக் கொப்பி விரித்தபடி இருந்தது. என் பெயருக்கு நேரே இருந்த "விசர்" குறுக்காக வெட்டப்பட்டிருந்தது.

"உன்ட அப்பா பக்கத்தில நிக்கக்குள்ள சொன்ன சொல். இனி அது செத்த சொல். வேற ஒண்டு தா."

நான் ஒரு சொல் சொன்னேன். அவர் முதல் தடவையாகத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். சாமி இல்லை, ஊர் இல்லை, சாப்பாடு இல்லை. தள்ளாமல் எழுதினார். ஆறு மாதத்துக்கு வீட்டிலிருந்து உள்ளே போகும் அனுமதி எனக்கு இல்லை என்று அதே மூச்சில் சொன்னார். புஷ்பம் அக்கா கொண்டுவந்து வைத்த தேத்தண்ணியை எடுத்துக் குடித்தார். அவ்வளவுதான் சமாதானம்.

ஒன்றரை வருடத்துக்குப் பிறகு தங்கச்சியிடம் போய்விட்டார். பிரியாவிடைக்கு நான் காசு போட்டேன், பேசவில்லை. இன்றைக்கும் அவரை எனக்குப் பிடிக்காது. புஷ்பம் அக்காவின் ஒன்பது அழைப்புகளை நான் எண்ணி வைத்திருக்கிறேன். ஆனால் அவருடைய கொப்பி இன்னும் அந்தக் கந்தோரில் பாவனையில் இருக்கிறது, அந்தப் பெண்களும் எங்கேயோ உள்ளே நின்று பூட்டிக்கொண்டு இருக்கிறார்கள். ஆகவே இதில் அக்காவின் ஊரை மாற்றியிருக்கிறேன். ஒளிந்திருந்த வீடு வவுணதீவில் இல்லை. டிரைவர் அண்ணனிடம் கோழியும் இல்லை. சேருடைய பெயரை எழுதவில்லை. மரியாதைக்காக என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் புதிய சொல் என்னவென்று நீங்கள் எவ்வளவு கெஞ்சினாலும் சொல்ல மாட்டேன்.

இதை எங்கேயாவது வாசித்தால் அவர் "ம்" என்பார். அதை நினைத்தால்தான் பற்றிக்கொண்டு வருகிறது.